சீலிங்கில் கை வைக்க என் கையெழுத்து வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் முதல் மாடி சீலிங் முழுவதையும் உடைத்துவிட்டுப் புதிது போடப் போகிறார்களாம். நூற்று நாற்பது பலகை. பதினாறு வருஷமாக அந்தக் கட்டடத்துக்குப் பராமரிப்பு மேற்பார்வையாளர் நான். எந்தக் குழாய் எங்கே கசியும், எந்தக் கதவு மழைக்கு இறுகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்கு இந்தச் சேதி தெரிந்தது இன்று காலை பதினொன்றரைக்கு. அதுவும் என் கொழுந்தன் போன் பண்ணிச் சொல்லி.

வேலையை எடுத்திருப்பதே அவன்தான். "அண்ணி, உங்க ஆஸ்பத்திரி சீலிங் வேலை நமக்கு வந்துடுச்சு." பன்னிரண்டு வருஷமாக வீட்டு வேலை, கடை வேலை என்று துண்டு துண்டாக ஓட்டியவனுக்கு முதல் பெரிய வேலை. வாழ்த்துச் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது.

அது என்ன பலகை? கட்டடத்துக்கு நாற்பத்தெட்டு வயசு. போன வருஷம் பாதுகாப்புப் பயிற்சி என்று மூன்று நாள் உட்கார வைத்தார்களே, அதில் இரண்டாம் நாள் மதியம் ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் பேசினார். சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் தூக்கம், நான் முக்கால் தூக்கம். ஆனாலும் ஒன்று காதில் ஏறிவிட்டது: அந்தக் காலத்தில் தீப்பிடிக்காது என்று சொல்லிப் போட்ட பலகை எதையும் சோதிக்காமல் உடைக்காதே.

பழைய பைலை எடுத்துப் பார்த்தேன். "தீப்பிடிக்காத சீலிங் பலகை" என்று பெருமையாக எழுதியிருக்கிறது.

மார்ச் 6

நிர்வாக அதிகாரியைப் பார்த்தேன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சீக்கிரம். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே "சீக்கிரம் சொல்லுங்க" என்பார்.

சொன்னேன். "ஏம்மா, ஆஸ்பெஸ்டாஸ்னா கூரைக்குப் போடுற ஷீட்டு. அலை அலையா இருக்கும். இது தட்டையா, வெள்ளையா, அழகா இருக்கு" என்றார். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நான் பெயின்ட் அடித்தால் அழகாக இல்லாமல் எப்படி இருக்கும்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது சார், மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும் என்றேன். உடைத்தால் பறக்கிற நார் தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெலிசு, மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சிலேயே தங்கிவிடும், இருபது முப்பது வருஷம் கழித்து வேலையைக் காட்டும் என்றேன்.

"முப்பது வருஷம் கழிச்சுதானே? அப்ப நான் ரிட்டையர்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பெர்மிட் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். சுவர், சீலிங், குழாய், எதைத் திறப்பதென்றாலும் இந்த ஆஸ்பத்திரியில் பெர்மிட் வேண்டும். அதில் என் கையெழுத்து இருந்தால்தான் காவலர் மாடிக் கதவைத் திறப்பார். பதினாறு வருஷத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே அதிகாரம் அந்தக் கையெழுத்துதான்.

மார்ச் 7

சோதனைக்கு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு துண்டு. பிச்சை போடுகிற மாதிரி சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 11

சோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேச்சே இல்லாமல். "ஒண்ணு போதாதுங்க. ஒரே கட்டடத்துல அறைக்கு அறை மாறும்" என்றாள். எனக்கு மட்டும் தெரியாதா? கிடைத்ததே இதுதான் என்றேன். எங்கே எடுக்கட்டும் என்று கேட்டாள்.

எனக்கு என் சீலிங் மேல் ஒரு பிரியம் உண்டு. ஊரில் எல்லோரும் தங்கள் வீட்டுத் தரையைப் பார்ப்பார்கள், நான் எங்கே போனாலும் மேலே பார்ப்பேன். நடு ஹாலில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஓட்டை போடவிட மனசு வரவில்லை. கோப்பு அறை மூலையைக் காட்டினேன். பீரோவுக்கு மேலே, யாருக்கும் தெரியாத இடம்.

கீழே பிளாஸ்டிக் விரித்து, முகத்தில் இறுக்கமாக மாஸ்க் போட்டு, பலகை மேல் சோப்புத் தண்ணீர் அடித்து, கட்டை விரல் நக அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள். கவருக்குள் கவர். துடைத்த ஈரத் துணிகூட ஒரு கவருக்குள் போயிற்று. ஓட்டையை டேப் போட்டு மூடினாள். பொட்டுத் தூசி கீழே விழவில்லை. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

மார்ச் 18

அறிக்கை வந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை.

கூட்டத்தில் வைத்து சீக்கிரம் சொன்னார்: "நம்ம மேடத்துக்குப் பயிற்சி கொஞ்சம் ஓவராயிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். மூக்கு உடைந்தது, ஆனால் உள்ளுக்குள் நிம்மதி. கொழுந்தன் சனிக்கிழமை வேலையை ஆரம்பிக்கலாம். வீட்டில் இவர் தன் பங்குக்கு, "இனிமே குடிக்கிற தண்ணியையும் லேபுக்கு அனுப்பிட்டுக் குடி" என்றார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

சாயங்காலம் நோயாளிகள் எல்லாம் போன பிறகு கொழுந்தன் அளவெடுக்க வந்தான். நாளைக் காலையில் நாலு ஆளோடு வந்து ஆரம்பிக்க வேண்டும். கோப்பு அறையில் அவன் ஏணி மேல், நான் கீழே மேஜையில் பெர்மிட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், தேதி, இடம் எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

"அண்ணி, இந்த மூலையில மட்டும் ஸ்டார் ஸ்க்ரூ. மத்ததெல்லாம் தலையில ஒத்தைக் கோடு போட்ட அந்தக் காலத்து ஸ்க்ரூ. ஸ்க்ரூ கழட்டுற மெஷினுக்கு ரெண்டு வித பிட்டு எடுத்துட்டு வரணும்."

ஸ்க்ரூ மாறுகிறது என்றால் பலகையும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பின்மண்டையில் யாரோ தட்டிய மாதிரி இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மேல் மாடிக் குழாய் உடைந்து கோப்பு அறை மூலையில் தண்ணீர் கொட்டியது. நாலு பலகை ஊறித் தொங்கியது. புதுப் பலகை வாங்கிப் போட்டது யார்? நான். இதே அறையில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கோடு தெரியாம போடுங்கப்பா" என்று மேய்த்தவள் நான். கோடு தெரியாமல்தான் போட்டார்கள். அவ்வளவு நன்றாகப் போட்டதில் எனக்கே மறந்துவிட்டது. சோதனைக்குப் போனது அந்தப் புதுப் பலகை. மீதி நூற்று முப்பத்தாறு பழைய பலகையை யாரும் பார்க்கவே இல்லை.

அந்தப் பழைய நாலையும் அன்றைக்கு என்ன செய்தோம்? சுத்தியலால் உடைத்து, துடைப்பத்தால் பெருக்கி, குப்பை வண்டியில் போட்டோம். என் தலையில் விழுந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டு போய் டீ குடித்தேன்.

"என்ன அண்ணி, பேனா எழுதலையா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். இறங்கி வந்தான்.

"அதான் ரிப்போர்ட்ல இல்லைன்னு வந்துடுச்சுல்ல."

"அது நான் மாத்தின பலகைடா."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நான் ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன் அண்ணி. எத்தனை சீலிங் உடைச்சிருப்பேன் இதுவரைக்கும்? எனக்கு என்ன ஆச்சு?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏணியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

சீக்கிரத்துக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது, இடத்தைத் தப்பாகக் காட்டினேன் என்று ஒப்புக்கொண்டேன். "உங்க தப்புக்கு நான் வேலையை நிறுத்தணுமா?" என்றார். "ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? பெர்மிட்டின் குறுக்கே பெரிதாக "அனுமதி இல்லை" என்று எழுதினேன். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

மார்ச் 22, சனி

காலை ஆறே முக்காலுக்கே போய் மாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். காவலர் என்னைப் பார்த்தார், பெர்மிட்டைப் பார்த்தார், "சாவி என்கிட்ட இருக்கு, ஆனா இல்லை" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். நல்ல மனுஷன்.

எட்டு மணிக்கு சீக்கிரம் வந்தார். லீவு நாளில் வந்த எரிச்சல் வேறு. "நான் உத்தரவு போடுறேன். திறங்க."

"எழுத்துல போடுங்க சார். சோதிக்காத பலகையை உடைக்கச் சொல்றேன்னு ஒரே வரி. கீழே உங்க பேரு, தேதி."

போடவில்லை. எங்கே போடுவார்? எழுதிக் கொடுத்திருந்தால் திறந்திருப்பேனா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். திறந்திருக்க மாட்டேன். அந்தக் காகிதத்தையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உட்காருவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கொழுந்தன் ஆட்களோடு வந்து நின்றான். சுத்தியல், கடப்பாரை, துடைப்பம், சாக்கு. மூக்கை மறைக்க ஆளுக்கொரு கைக்குட்டை. கைக்குட்டையாம். என் முகத்தைப் பார்க்காமல் கடப்பாரையைத் தூக்கித் தோளில் வைத்தான். "வாங்கப்பா. எங்க அண்ணி நமக்கு லீவு குடுத்திருக்காங்க." நாலு பேரும் சிரித்தார்கள். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே வலித்தது.

மார்ச் 23, ஞாயிறு

இவர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். "தம்பிகிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல. அத்தனை பேர் முன்னாடி அவனை நிக்க வச்சுட்டே."

நிற்க வைத்தேனா? உள்ளே போகவிட்டிருந்தால் அவனை உட்காரவே முடியாமல் இருமவிட்டவள் ஆகியிருப்பேன், அதுக்கு என்ன சொல்வீங்க? அப்படித்தான் கேட்டேன், சத்தமாகத்தான் கேட்டேன். "உனக்கு உன் பிடிவாதம்தான் பெருசு" என்றார். ஆமா, பெருசுதான். உங்க தம்பி நுரையீரல் அளவுக்குப் பெருசு.

மதியம் ஓரகத்தி வந்தாள், கொழுந்தன் சம்சாரம். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் நேரே சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அவரு வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டையை நான் வாசல்ல நின்னு நல்லா உதறிட்டுத்தான் ஊற வைப்பேன். பன்னெண்டு வருஷமா. பிள்ளைங்க துணியோட சேர்த்துத்தான் துவைக்கிறது. அதுலயும் வருமா?"

பூசி மெழுகிச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அவள் கண் என்னையே பார்த்தது.

"அவன் இதுவரைக்கும் உடைச்ச பலகையில எதுல இருந்துச்சுன்னு தெரியாது. இருந்திருந்தா வரலாம், வராமலும் போகலாம். யாராலயும் சொல்ல முடியாது. இனிமே உதறாத. வேலை இடத்துலயே மாத்திட்டு வரச் சொல்லு. தனியா ஊற வை."

அழவில்லை. "அப்ப நீங்க கையெழுத்துப் போடாதீங்க" என்றாள். போகும்போது ஹாலில் உட்கார்ந்திருந்த இவரிடம், "மாமா, அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 25

மெமோ வந்திருக்கிறது. அலுவலகப் பணிக்கு இடையூறு செய்ததற்கு மூன்று நாளில் விளக்கம் வேண்டுமாம். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் திட்டு அதிகம். இரண்டாவதில் பணிவு அதிகம், படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. கடைசியில் அனுப்பியது இது:

"ஐயா, சோதனைக்கு இடத்தைத் தவறாகக் காட்டியது என் பிழை. பிழை தெரிந்த பிறகும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது குற்றம். முதலாவதற்கு வருந்துகிறேன். இரண்டாவதைச் செய்ய மறுத்ததற்கு வருந்தவில்லை. ஆறு இடங்களில் மறுபடி மாதிரி எடுக்கும்வரை எந்தப் பெர்மிட்டிலும் கையெழுத்திட மாட்டேன்."

நகலைப் பழைய கட்டடத்திலேயே உட்காருகிற நெஞ்சு நோய் டாக்டருக்கும் அனுப்பினேன். அவர் தலைக்கு நேர் மேலே இருக்கிற பலகையில் நீளமாக ஒரு விரிசல் இருக்கிறது. அதையும் ஒரு வரி எழுதினேன்.

மார்ச் 27

டாக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தாராம். மத்தியானமே சோதனைக்கு உத்தரவு வந்துவிட்டது, ஆறு இடத்திலும்.

ஏப்ரல் 3

ஆறில் ஐந்தில் இருக்கிறது. இல்லாத ஒன்று கோப்பு அறை மூலை, என் கைவண்ணம்.

ஜெயித்துவிட்டேன் என்று துள்ளுவேன் என்று நினைத்திருந்தேன். அறிக்கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வருஷம் அந்தப் பலகைக்குக் கீழேதான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 4

நேற்று வரைக்கும் "ஒண்ணும் இல்லை" என்றவர்கள் எல்லாம் இன்று "இன்னைக்கே பிடுங்கி எறி" என்கிறார்கள். நர்ஸுகள் உள்ளே நுழைய மாட்டோம் என்கிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சீக்கிரம் வழக்கம் போல, ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் ஆளை விட்டு எடுத்துவிடலாம் என்கிறார். யாருக்கும் தெரியாமல்.

மறுபடியும் நான்தான் முடியாது என்றேன். பிடுங்காதே என்று சொன்னவளே இப்போதும் பிடுங்காதே என்கிறாளே என்று தலைமை நர்ஸுக்குக் கோபம். "நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார். சோதனைக்கூடத்துப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். உடையாத, பெயின்ட் உரியாத பலகை சும்மா கிடக்கும், யாரையும் கடிக்காது. அதை உடைக்கும்போதும் துளைக்கும்போதும்தான் ஆபத்து. விரிசல் விட்ட இருபத்திரண்டு பலகையை மட்டும் அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் வந்து எடுக்கட்டும். மற்றதற்குப் பெயின்ட் அடித்து மூடி, எச்சரிக்கை ஒட்டி, வரைபடத்தில் குறித்து, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒருத்தரும் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, காற்றாடியே கழன்றாலும்.

ஒன்றரை மணி நேரம் கரடியாகக் கத்தினேன். டாக்டர்தான் கடைசியில், "இந்தம்மா சொல்றபடி செய்யுங்க" என்றார். தலைமை நர்ஸ் வெளியே வந்து என் கையைப் பிடித்து, தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்டார்.

ஏப்ரல் 19, சனி

எடுத்துவிட்டார்கள். மாடி வாசலில் ரெண்டு அடுக்கு பிளாஸ்டிக் கட்டி, உள்ளே வெள்ளை உடுப்பும் மாஸ்க்குமாக மூன்று பேர். தண்ணீர் அடித்து அடித்து, ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கையால் கழற்றி, பலகையை உடைக்காமல் முழுசாக இறக்கி, இரட்டை உறையில் கட்டினார்கள். துடைப்பம் என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஈரத் துணியும் அதற்கென்றே ஒரு உறிஞ்சும் மெஷினும்தான். முடித்ததும் உடுப்பையும் கழற்றி உறைக்குள் போட்டுவிட்டார்கள். காற்றைச் சோதித்து அறிக்கை வரும்வரை பூட்டு. அந்தப் பூட்டுக்கான பெர்மிட்டில் என் கையெழுத்து.

சுத்தியல் சத்தமே கேட்காத ஒரு சனிக்கிழமை. கொழுந்தன் வந்து பார்ப்பான் என்று ரெண்டு தடவை படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். வரவில்லை.

மே 5

மாற்றல். மருந்துக் கிடங்குக்கு. "உங்க கவனமும் நேர்மையும் அங்கே தேவைப்படுது" என்றார் சீக்கிரம். எனக்கே காது குத்துகிறார். பெர்மிட் புத்தகம் இனி வேறு ஒருவரிடம். ஒப்படைக்கும்போது கூடவே சீலிங் வரைபடத்தையும் வைத்து, ஒவ்வொரு பலகையாக அவருக்கு நடந்து காட்டினேன். மூணு மணி நேரம் ஆயிற்று. அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. வரட்டும்.

கிடங்குக்குப் போனதும் முதல் வேலையாக மேலே பார்த்தேன். வெறும் கான்கிரீட்.

மே 30

கொழுந்தனுக்கு வேறு பெரிய வேலை எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்தாலும் இவரோடு மட்டும் பேசுகிறான். நான் வைக்கிற டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைக்கும்போதும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கோபித்துக்கொள்ளட்டும். கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டுமில்லையா, இருக்கட்டும்.

ஜூன் 14

ஓரகத்தி சொன்னாள்: அவன் சட்டையை இப்போது அவனே தனி வாளியில் ஊற வைக்கிறானாம். ஏன் என்று இவளும் கேட்கவில்லையாம், அவனும் சொல்லவில்லையாம்.

ஜூலை 9, புதன்

மதியம் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தபோது போன். கொழுந்தன் நம்பர். இவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்தேன்.

"அண்ணி."

மூணரை மாசத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. பின்னால் யாரோ சத்தம் போடுவது கேட்டது.

"ஒரு பழைய பள்ளிக்கூடம் அண்ணி. சுவர்ல பலகை அடிச்சிருக்கு. ஒத்தைக் கோடு ஸ்க்ரூ. தட்டிப் பார்க்கச் சொன்னாங்க, தட்டலை. சோதிக்காம தொட மாட்டேன்னு சொல்லி ஆளுங்களை வெளியில நிறுத்திட்டேன். ஓனர் கத்துறாரு. வேற ஆளைக் கூப்பிடுவேங்கிறாரு. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. வாசல்ல ஒரு நாற்காலி போட்டு உட்காரு."

"நாற்காலி இல்லை அண்ணி."

"படியில உட்காரு."

உட்கார்ந்தான் போலிருக்கிறது, ஏணியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. போனை வைக்கச் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை. ஓனர் திட்டுவது எனக்கே தெளிவாகக் கேட்டது. கிடங்கு வாசலில் வண்டிக்காரர் மூணு பெட்டியோடு வந்து நின்று கையெழுத்துக் கேட்டார். கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டினேன்.